தண்ணீர் ஒழுகாத கோழிக்கூடு

திருச்சியில் பெரிய ஆலையில் இரும்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆளைக் கட்டிக்கொண்டவள் வீட்டில் மரச்சாமான் நிலைக்காது. மரத்தில் எது இருந்தாலும் அதைக் கழற்றிப்போட்டு இரும்பில் செய்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கு இரும்பு ஸ்டாண்ட், செருப்புக்கு இரும்பு மாடி. துணி காயப்போடும் கொடிக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தூண். அதில் என் புடவையும் காயலாம், திருவானைக்காவல் யானையையும் கட்டிப்போடலாம். சமையலறையில் என் வீட்டுக்காரர் செய்து கொடுத்த அலமாரி ஒன்று இருக்கிறது. அதன் மேல்தட்டு எனக்கு எட்டாது. அவர் உயரத்துக்கு அளந்து செய்தது. அவர் அந்த அலமாரியிலிருந்து இதுவரை ஒரு உப்பு ஜாடியைக்கூட எடுத்ததில்லை.

இதை நான் அவரிடம் சொன்னதில்லை. எனக்கு யாரிடமும் எதையும் சொல்ல வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. வாய் அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது. எழுதும்போது எதிரே உட்கார்ந்து யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருவானைக்காவலுக்கு வடக்கே, கொள்ளிடக் கரைக்குப் போகிற பக்கம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை, ஒரு கொய்யா மரம், துவைக்கிற கல், மூலையில் ஒரு பழைய கழிப்பறை. கழிப்பறை வீட்டுக்குள்ளேயே வந்த பிறகு, அந்த மூலை அறையை என் வீட்டுக்காரர் தன் இரும்புச் சாமான்களுக்கு எடுத்துக்கொண்டார். ஷெட் என்பார். அதற்குள் போக எனக்கு அனுமதி கிடையாது. கூட்டிப் பெருக்க மட்டும் போகலாம்.

கோழிகள் தொட்டியத்திலிருந்து வந்தன. என் தங்கை அங்கே வாழைத் தோட்டக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று பெட்டையையும் ஒரு சேவலையும் துணிப்பைகளில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு பஸ்ஸில் கொண்டுவந்தாள். கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் கேட்டாராம். “அது என் மடியிலதான உக்காந்திருக்கு, உங்க சீட்டுலயா உக்காந்திருக்கு?” என்று இவள் கேட்டாளாம். அவளும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, சாம்பல் ஒன்று, பிறகு அந்தச் சேவல். நான் துணி துவைக்க உட்கார்ந்தால் சிவப்புப் பெட்டை வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளும். கொக்கொக்கென்று விடாமல் எதையோ சொல்லும். நான் பதில் சொல்லவில்லையே என்று அது கோபித்துக்கொண்டதில்லை. இந்த வீட்டில் என்னிடம் பேச வேண்டும் என்பதற்காகவே எழுந்து நடந்து வருகிற ஜீவன் அது ஒன்றுதான்.

கொள்ளிடத்து நாணல் காட்டிலிருந்து வந்த கீரி, பட்டப்பகலில் சாம்பல் பெட்டையைத் தூக்கிப் போனது. மோட்டாருக்குப் பக்கத்தில் இறகு மட்டும் கிடந்தது. அதே வாரம் பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலிருந்து, மகன் வீடு கட்டியதால் இங்கே குடிவந்தவர்.

“ஏம்மா, உங்காத்துக் கோழி எங்காத்துத் துளசி மாடத்துல குழி பறிச்சிண்டு உக்காந்திருக்கு. தீர்த்தம் விடப் போனா என்னைப் பாத்து முறைக்கறது. அது ஆத்துக்காரி மாதிரியும் நான் விருந்தாளி மாதிரியும்!”

“பிடிச்சுக்கறேன் மாமி,” என்றேன்.

“சேவல் மொட்டை மாடில நின்னு கத்தறது. நான் பாசுரம் சேவிக்க உக்காந்தா கரெக்டா அப்பத்தான் கத்தறது. அதுக்கும் தெரியுமோ என்னமோ!”

இது என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது. ராத்திரி சாப்பிடும்போது தீர்ப்புச் சொன்னார்.

“கூடு ஒண்ணு கட்டிடறேன். ப்ராப்பரா. கட்டி முடிச்சதுக்கு அப்புறமும் இதுங்க வெளில திரிஞ்சுது, இல்ல இன்னொண்ணைக் கீரி தூக்குச்சுன்னா, எல்லாத்தையும் பையில போட்டு உன் தங்கச்சி வீட்டுக்கே அனுப்பிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“சரிங்க,” என்றேன்.

தங்கைக்கு போன் போட்டேன். அவள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். “அக்கா, திருப்பி அனுப்புனீங்கன்னா அன்னிக்கே எங்க வீட்டு ஆம்பளைங்க மசாலா அரைக்கச் சொல்லிடுவாங்க. வந்த கோழியை வீட்ல வச்சு யாரு தீனி போடுவாங்கறாங்க. நான் தடுக்க முடியாது.”

ஆக, என் சிவப்புப் பெட்டையின் உயிர் என் வீட்டுக்காரர் கட்டப்போகும் கூட்டில் போய் மாட்டிக்கொண்டது. கூடு நன்றாக அமைந்தால் அது பிழைக்கும். அமையாவிட்டால் குழம்பு.

இப்படி ஒரு நிலைமையில் அந்தக் கூட்டை எங்கள் தெரு ஆசாரி கட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கட்டப்போவது ஓய்வு பெற்ற மூன்று பேர்.

மற்ற இருவரும் என் வீட்டுக்காரரோடு ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஒருவர் வெல்டிங்காரர். இரண்டு இரும்பைச் சேர்த்துப் பார்த்தால் பற்றவைக்காமல் அவரால் வீட்டுக்குப் போக முடியாது. இன்னொருவர் ஆய்வுக்காரர். மற்றவர்கள் செய்த வேலையில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்திருப்பார். எங்கள் வீட்டு இட்லியில் போட முடியாமல் அவர் தவிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மாசி மாதம் ஒரு காலையில் மூவரும் கூடத்தில் பெரிய தாளை விரித்து உட்கார்ந்தார்கள்.

“மொத்தம் எத்தனை பறவை?” என்றார் ஆய்வுக்காரர்.

“இப்ப மூணு.”

“மூணுன்னு டிசைன் பண்ணாதய்யா. நாளைக்கு முப்பது ஆகும். அப்ப என்ன, இடிச்சுட்டா கட்டுவ?”

“கொள்ளிடக் காத்து அடிச்சா தாங்கணும்,” என்றார் வெல்டிங்காரர்.

“காத்து என்ன காத்து. மலைக்கோட்டை மாதிரி நிக்கணும். ஒரு லாரி வந்து மோதுச்சுன்னா லாரிதான் நசுங்கணும்,” என்றார் என் வீட்டுக்காரர்.

எங்கள் பின்கட்டுக்குச் சைக்கிள் வருவதே கஷ்டம். லாரி எந்த வழியாக வந்து மோதும் என்று நான் டீத் தம்ளர்களை எடுத்தபடி யோசித்தேன்.

கோழி என்ன சாப்பிடும், எங்கே முட்டையிடும், எப்போது தூங்கும் என்று யாரும் கேட்கவில்லை. அன்று முழுக்க என்னிடம் வந்தது ஒரே ஒரு பேச்சு.

“சிஸ்டர், ஒரு கோழியைப் பிடிச்சிட்டு வாங்க. அளக்கணும்.”

சிவப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஆய்வுக்காரர் டேப்பை இழுத்து, மூக்கு முதல் வால் வரை அளந்தார். “நின்னா உயரம், உக்காந்தா உயரம் ரெண்டும் வேணும்” என்று அதைத் தரையில் வைத்து உட்காரச் சொன்னார். அது உட்காரவில்லை. தோளைப் பிடித்து அமுக்கினார். ஆயுள் முழுக்கப் பிறர் வேலையில் குறி போட்டவரின் வெள்ளைச் சட்டையில் கோழி தன் குறியைப் போட்டது.

“வெயிட்டும் பார்த்துடலாமா?” என்றார் வெல்டிங்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“வேணாம்,” என்றார் ஆய்வுக்காரர்.

வேலை பங்குனி வரை நடந்தது. மாமி வீட்டு ஜன்னல்கள் எல்லாம் பொறிக்குப் பயந்து மூடியே கிடந்தன. கால்களுக்கு இரும்பு ஆங்கிள், சுற்றிக் கம்பிவலை, மேலே தகடு. அடிப்பக்கம்தான் அவர்கள் பெருமை. கோழி எச்சம் தரையில் சிந்தக்கூடாது என்று, முழங்கால் உயரத்துக்கு நாலு பக்கமும் தகடு வைத்து, இட்லிக் கொப்பரை மாதிரி ஒரு தொட்டியைப் பற்றவைத்தார்கள். மூலைக்கு மூலை, இஞ்சுக்கு இஞ்சு வெல்டிங். முடித்ததும் மூன்று பேரும் சுற்றி நின்று தடவிப் பார்த்தார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரர் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

“டெஸ்ட் பண்ணிடலாம்,” என்றார் ஆய்வுக்காரர்.

ஆலையில் எது செய்தாலும் அதில் தண்ணீரை ஏற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பார்களாம். ஒழுகாவிட்டால்தான் வெளியே போகுமாம். அங்கே செய்தது நீராவி அடைக்கிற பெரிய பெரிய அண்டா. இது கோழிக்கூடு. இந்த வித்தியாசம் அந்தப் பின்கட்டில் நின்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆய்வுக்காரர் வெல்டிங் ஓரமெல்லாம் சாக்பீஸ் பொடியைப் பூசினார், ஈரம் பட்டால் காட்டிக்கொடுக்கும் என்று. என் வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டு ஹோஸை உள்ளே விட்டார். தொட்டி நிறைந்தது. மூவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். கொய்யாக் கிளையிலிருந்து கோழிகளும் பார்த்தன.

சாயங்காலம் வரை பொடி வெள்ளையாகவே இருந்தது.

“ஒரு சொட்டு இல்லய்யா! ஒரு சொட்டு இல்ல!” என்று ஆய்வுக்காரர் எழுந்து வெல்டிங்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்ணே கலங்கிவிட்டது.

கோழிக்கூட்டில் தண்ணீர் எதற்காக நிற்க வேண்டும் என்று என் வாயில் வந்தது. டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

ஒழுகாத தொட்டியிலிருந்து தண்ணீர் தானாகப் போகாது அல்லவா? மூவரும் எழுந்து போன பிறகு வாளியும் சொம்புமாக நான்தான் இறைத்து ஊற்றினேன். கொய்யா மரத்துக்கு இந்த வருஷம் நல்ல ஈரம்.

பிறகு உள் அலங்காரம். கோழி உட்கார்ந்து தூங்க ஒரு கட்டை வேண்டும். எங்கள் மாடிப்படிக் கைப்பிடிக்கு வாங்கியதில் மிஞ்சிய பளபள எவர்சில்வர் குழாய் ஒன்று ஷெட்டில் கிடந்தது. அதைக் குறுக்கே பற்றவைத்தார்கள். கதவுக்கு நகைக்கடை லாக்கர் மாதிரித் தாழ்ப்பாள். உடம்பெல்லாம் மிஷின் பச்சை பெயின்ட். கடைசியில் சந்தனம், குங்குமம், கற்பூரம். புதுக் காருக்குச் செய்வது மாதிரி நாலு காலுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் என் வீட்டுக்காரர். கார் தானாக நகர்ந்து நசுக்கும். இது எப்படி நகரும்? மூவரும் ஒரு பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். மூன்று பழம் நசுங்கியது. நாலாவது உருண்டு ஓடியது. சேவல் அதைக் கொத்திப் பார்த்துவிட்டுத் தலையை உதறியது. போட்டோ எடுத்து, ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்கக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன.

அன்று சாயங்காலம் கோழிகள் வழக்கம்போல் கொய்யா மரத்தில் ஏறின.

“என்ன, உள்ள போகல?” என்றார் என் வீட்டுக்காரர்.

“புது இடம்ங்க. கூச்சப்படுதுங்க,” என்றேன்.

அவர் உள்ளே போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறி, காய் பறிப்பது போல ஒவ்வொன்றாகப் பறித்து, கூட்டுக்குள் விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன். தினமும் இதுதான் என் வேலை என்று ஆனது. காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்ப்பார். கோழிகள் உள்ளே இருக்கும். “பார்த்தியா, எப்படி செட் ஆயிடுச்சுங்க!” என்பார். நான் தலையாட்டுவேன். அவர் அந்தப் பக்கம் போனதும் கொஞ்சம் மேய விடுவேன். அந்தக் கூட்டை மனசுக்குள் திட்டிக்கொண்டு, வெளியே அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். மாமியாரிடம் பழகியதுதான், எனக்கு ஒன்றும் புதிதில்லை.

எவர்சில்வர் குழாயில் கோழிக்கால் நிற்கவில்லை. ஏறும், வழுக்கும், தொட்டிக்குள் தொப்பென்று விழும். நான் ஒரு யோசனை செய்தேன். தேங்காய் நார்க் கயிற்றைக் குழாயில் இறுக்கிச் சுற்றினேன். ஆய்வுக்காரர் வந்து பார்த்து, “இது டிராயிங்ல இல்லையே சிஸ்டர்?” என்றார். “அழகுக்குங்க,” என்றேன். மறுநாள் பார்த்தால் கறுப்புப் பெட்டைக்கு மீசை முளைத்திருந்தது. கயிற்றைப் பிரித்து நாரை விழுங்கி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக முழித்துக்கொண்டு நின்றது. மெல்ல மெல்ல இழுத்து எடுத்தேன். குழாயில் மிஞ்சிய கயிற்றையும் அவிழ்த்துப் போட்டேன். என் இன்ஜினியரிங்கும் அவர்கள் இன்ஜினியரிங்குக்குச் சளைத்ததில்லை என்று தெரிந்துகொண்டேன்.

சித்திரை பிறந்தது. திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டின் தகடு தோசைக்கல்லாகக் காய்ந்தது. மாலையில் கோழிகளை உள்ளே விடும் முன் ஈரச் சாக்கை மேலே போட்டு ஆற்றுவேன்.

“பெயின்ட் போயிடும்டி. எதுக்கு ஈரச் சாக்கு?”

“தூசிங்க. துடைக்கறேன்.”

இந்தச் சமயத்தில் சிவப்பு அடைக்கு உட்கார்ந்தது. அந்தக் கூட்டில் உட்காருமா? வெல்டிங் மிஷின் வாங்கியபோது வந்த மரப்பெட்டி ஒன்று ஷெட்டின் மூலையில் இருந்தது. எங்கள் வீட்டில் இரும்பாகாமல் தப்பித்த ஒரே மரம். எப்போது போய் முட்டையிட்டதோ தெரியாது. பெருக்கப் போனபோது பெட்டியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து உடம்பைச் சிலிர்த்தது. அடைக்கோழியை இடம் மாற்றினால் முட்டையை விட்டுவிட்டு எழுந்து போய்விடும். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கூடு முடிந்ததிலிருந்து அவர் ஷெட் பக்கம் போவதில்லை. “சிவப்பு எங்க?” என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று நாளெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கூட்டைத்தான் எண்ணுவார், கோழியை எண்ண மாட்டார்.

ஒரு நாள் மதியத்துக்கு மேல் கோடை மழை பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் டவுனில் இருக்கும் வெல்டிங்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். மேகத்தைப் பார்த்ததுமே கறுப்பையும் சேவலையும் கூட்டில் போட்டுப் பூட்டியிருந்தேன். காற்று கொள்ளிடத்திலிருந்து அடித்தது. மேல் தகடு மேலே பெய்ததைத் தடுத்தது. பக்கவாட்டில் வலை வழியாக வந்ததை யார் தடுப்பது? வந்த மழை அத்தனையும் அந்தத் தொட்டியில் இறங்கியது. இறங்கியது வெளியே போகவில்லை. எப்படிப் போகும்? ஒரு சொட்டு ஒழுகாது என்று கையைக் குலுக்கிக்கொண்டு செய்ததல்லவா?

நான் ஓடியபோது கோழிகளின் கால் வரை தண்ணீர். குழாயில் ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருந்தன. தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு சொம்பால் இறைத்தேன். நான் ஒரு சொம்பு இறைத்தால் வானம் ஒரு குடம் ஊற்றியது.

மதிலுக்கு மேல் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே மாமி.

“ஏம்மா, கோழிக்கு நீச்சல் கத்துக் குடுக்கறேளா?”

நான் இறைத்தேன்.

“உங்காத்துக்காரர் கட்டினது கூடா, தெப்பக்குளமா? கதவைத் திறந்து விடுங்கோளேன்!”

“வெளில விடக்கூடாது மாமி.”

“ஏன்?”

முகத்தில் மழை அடித்ததால் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். “கூடு சரியில்லைன்னு தெரிஞ்சா தொட்டியத்துக்கு அனுப்பிடுவாரு மாமி. அங்க போனா குழம்பு வச்சிடுவாங்க.”

குடை அப்படியே நின்றது.

“என்னது, குழம்பா? பெருமாளே! நான் வேலியடைக்கச் சொன்னேன்மா. கழுத்தறுக்கவா சொன்னேன்? அந்தப் பாவம் என் தலையில வந்து விடியணுமா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த ஷெட்டு சும்மாத்தான கிடக்கு? அதுல விடுங்கோ. எம்பேரைச் சொல்லுங்கோ. மாமிதான் விடச் சொன்னான்னு சொல்லுங்கோ, நான் பாத்துக்கறேன்.”

கறுப்பையும் சேவலையும் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடினேன். சிவப்பு பெட்டியிலிருந்து ஒரு சத்தம் போட்டது, கதவைச் சாத்து என்பது போல.

இருட்டும் நேரத்தில் திரும்பிய என் வீட்டுக்காரர் கூட்டைப் பார்த்தார். தளும்பத் தளும்ப நின்றது. போய்ப் படுத்துவிட்டார். காலையில் மற்ற இருவரும் வந்தார்கள். ஆய்வுக்காரர் குனிந்து பார்த்தார்.

“பார்த்தியாய்யா, ராத்திரி பூரா நின்னும் லெவல் எறங்கல!” என்றார். அவருக்கு அதுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஷெட் கதவைத் திறந்தார். அவருடைய வெல்டிங் மிஷின் மேல் சேவல் நின்றுகொண்டிருந்தது. மிஷினுக்குக் கொஞ்சம் மரியாதையும் செய்திருந்தது. பெட்டியில் சிவப்பு.

“இவ்ளோ பெரிய கூடு கட்டிக் குடுத்தும் இதுங்க இங்க வந்து குடித்தனம் பண்ணுதுங்க. நான் முதல்லயே சொல்லிட்டேன். போனை எடு. உன் தங்கச்சியை வரச் சொல்லு.”

நான் போனை எடுக்கவில்லை. கையில் டீத் தட்டு இருந்தது. மூன்று ஆண்கள் எதிரே நிற்கிறார்கள், தரையைப் பார்த்தேன். ஷெட்டுக்குள் சிவப்பு முட்டைகளைப் புரட்டிவிடும் சத்தம் கேட்டது.

“கூடு இன்னும் முடியலீங்களே,” என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மூவரும் வேறு யாரோ பேசியது போலச் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

“என்ன முடியல?” என்றார் என் வீட்டுக்காரர்.

“தண்ணி வெளில போறதுக்கு வழி வைக்கலீங்களே. கட்டி முடிச்சப்புறம்னுதான் சொன்னீங்க.”

ஆய்வுக்காரர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தொட்டியைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாக்பீஸை எடுத்து, அந்த மிஷின் பச்சையின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

“சிஸ்டர் சொல்றது பாயின்ட். டிரெய்னேஜ் இல்ல. இது கம்ப்ளீட்டே ஆகலய்யா. நீ எப்படி முடிஞ்சுதுன்ன?”

“நீதானய்யா டெஸ்ட் பண்ணி ஓகேன்ன?”

“நான் வெல்டிங்கைத்தான் பார்த்தேன். டிரெய்னேஜைப் பத்தி டிராயிங்ல ஏதாச்சும் போட்டிருந்தியா நீ?”

“ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சுது. எதுக்குய்யா சண்டை?” என்று வெல்டிங்காரர் சட்டைக் கையை மடித்தார்.

அன்று யாரும் தொட்டியத்துக்குப் போன் போடவில்லை. வேலை மறுபடி ஆரம்பித்ததால் மிஷினும் வெல்டிங் ராடுகளும் டேப்பும் சுத்தியலும் கை எட்டும் தூரத்தில் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஷெட்டுக்கு நடப்பது முட்டி வலி. எல்லாச் சாமானையும் கூட்டுக்குள் அடுக்கிப் பூட்டினார்கள். அந்த லாக்கர் தாழ்ப்பாளுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. ஷெட் காலியானது. நான் அதில் வைக்கோலைப் பரப்பி, அவரிடம் கேட்காமலே ஒரு மரக்கிளையைக் குறுக்கே வைத்தேன். தகரக் கதவுக்கு அடியில் கீரி நுழையாமல் இரண்டு செங்கல். பகலில் மேய ஒரு பழைய வலைத் துண்டு, மாமி வீட்டு மதிலுக்கும் கொய்யாவுக்கும் நடுவே. மாமி தன் பக்கத்திலிருந்து கயிறு கட்டிக் கொடுத்தார், கோழியைத் தொடாமல், கண்ணை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. “பொரிச்சா சொல்லுங்கோ. நான் சும்மா தூரக்க நின்னு பாக்கறேன்” என்றார்.

பொரித்தது. மாமி தூரத்தில் நிற்கவில்லை.

தண்ணீர் போக ஓட்டை போட்டார்கள். “அது வழியா கீரி வருமோ என்னமோங்க” என்றேன். ஓட்டைக்குச் சல்லடை பற்றவைத்தார்கள். சல்லடையில் எச்சம் அடைத்துக்கொள்ளுமே என்றேன். அடியைச் சாய்வாக்க வேண்டும் என்று தொட்டியையே அறுத்தார்கள். அவ்வப்போது ஒரு வார்த்தைதான் சொல்வேன். டீ கொடுக்கும்போது, தரையைப் பார்த்துக்கொண்டு. சொல்லிப் பழகினால் வருகிறது.

போன வாரம் குஞ்சுகளெல்லாம் வளர்ந்து வலையைத் தாண்டிக் குதிக்கிற பருவத்தில், மூவரும் கூட்டைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். புதுச் சாய்வு, புதுச் சல்லடை, குழாய்க்குப் பதிலாகச் சொரசொரவென்று ஒரு கட்டை. உண்மையைச் சொன்னால், இந்தத் தடவை அதில் கோழி குடியிருக்கலாம் போலத்தான் இருந்தது. ஆய்வுக்காரர் சாக்பீஸோடு குனிந்தார், சரி என்று குறி போட.

“அவ்வளவுதான். இன்னிக்கோட முடிஞ்சுது,” என்றார் என் வீட்டுக்காரர். “சாயங்காலம் எல்லாத்தையும் உள்ள விட்டுப் பார்த்துடுவோம். இதுக்கப்புறம் ஒண்ணு வெளில நின்னாலும் பஸ் ஏத்திட வேண்டியதுதான்.”

நான் தம்ளர்களை நீட்டினேன்.

“இருட்டினா கோழிக்குக் கண்ணு தெரியாதுங்க,” என்றேன். “உள்ள விளக்கு ஒண்ணும் இல்லையேன்னு பார்த்தேன்.”

சாக்பீஸ் பாதியில் நின்றது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“லைட்டிங்!” என்றார் வெல்டிங்காரர்.

“வெறும் லைட்டு போட்டா ஆச்சா? ஸ்விட்ச் எங்க வைக்கறது? மழை பட்டா ஷாக்கு அடிக்காதா? எர்த் குடுக்கணும்யா, முழுக்க இரும்பு!” என்றார் ஆய்வுக்காரர், குரல் உயர உயர.

என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். “நம்ம எலெக்ட்ரிகல்ல ஒருத்தர் இருந்தாரே, அவரும் வீட்ல சும்மாத்தான இருக்காரு. அவரையும் வரச் சொல்லிடலாம்.”

நான் உள்ளே போய் டீக்கு இன்னொரு தம்ளரைக் கழுவி வைத்தேன்.